கடலுக்குப் போன கொளுஞ்சி

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் திருவரங்குளத்தில் இருந்து கிளம்பினோம். நான், முருகேசன், முருகேசனின் குட்டியானை, அதன் முதுகு நிறையக் கொளுஞ்சி. குட்டியானை என்று நாங்கள் சொல்வது சரக்கு ஏற்றும் நாலு சக்கரச் சின்ன வண்டியை. மணமேல்குடி போய் வர வாடகை மூவாயிரம் ரூபாய். டீசல் அவர் பொறுப்பு, டீ என் பொறுப்பு என்று பேச்சு.

பிள்ளைகளே, கொளுஞ்சி தெரியாதவர்களும் உங்களில் இருப்பீர்கள். முழங்கால் உயரம் வளரும் செடி அது. சின்ன இலை, ஊதாப் பூ. ஆடு மாடு வாய் வைக்காது. நெல் அறுத்த வயலில் விதைத்துவிட்டு, பூ எடுக்கும் முன் தண்ணீர் கட்டி மடக்கி உழுதால், அடுத்த நெல்லுக்கு அதுவே உரம். யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கும் வேலை கொஞ்சம் குறையும். என் வயலில் எட்டு வருடமாக அதைத்தான் விதைக்கிறேன். அதைக் கடலுக்கு ஏற்றிக்கொண்டு போவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆலங்குடி தாண்டியதும் முருகேசன் கேட்டார்.

"ஏன்ணே, கடலுக்குத் தழையுரம் போடப் போறீங்களாக்கும்?"

"ஆமாப்பா. உப்பு சரியா வெளையலையாம்."

"அப்ப திரும்பி வாரப்ப ரெண்டு மூட்ட உப்பு ஏத்திக்கிட்டு வருவோம். வெறும் வண்டியா வந்தா எனக்குக் கட்டாது."

விஷயம் இதுதான். என் மனைவி தனலட்சுமியோடு ஆலங்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள் ஜெயராணி. எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் சூசை என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். சூசையிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது; இருபத்திரண்டு அடி நீளம், பின்னால் தொங்கும் மோட்டார். அவர் கணவாய் பிடிப்பவர். கணவாய் என்பது மீன் மாதிரி இருந்தாலும் மீன் இல்லை. முள் கிடையாது, வாயைச் சுற்றிப் பத்துக் கைகள், பயந்தால் மை கக்கும். அது முட்டையிட எதையாவது பற்றிக்கொள்ள இடம் தேடும். சேறும் மணலுமாகக் கிடக்கிற எங்கள் மாவட்டத்துக் கடலில் அப்படி இடம் குறைவு. அதனால் மீனவர்களே கொளுஞ்சிச் செடியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுகிறார்கள். கணவாய் அதைத் தேடி வரும்போது தூண்டில் போடுகிறார்கள்.

கடற்கரை மணலில் தானாக முளைத்த கொளுஞ்சியை இத்தனை நாள் பிடுங்கிக்கொண்டிருந்தார் சூசை. இப்போது அங்கே சீமைக்கருவேல் அடைத்துவிட்டது. மிச்சம் இருந்ததை ஊர்க்காரர்கள் ஆளுக்கு முந்திப் பிடுங்கிவிட்டார்கள். ஜெயராணிதான் தனலட்சுமிக்குப் போன் போட்டாள். பிறகு சூசை என்னிடம் பேசினார். "நல்ல தழையா கொண்டாங்க மச்சான்," என்றார். ஜெயராணி என்னை அண்ணன் என்பதால், எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான்.

நானும் தனலட்சுமியும் இரண்டு நாள் அறுத்தோம். பூவாத, தொட்டால் ஒடிகிற, பச்சைப் பசேல் என்ற தழை. என் வயலிலேயே அதைவிட நல்ல கொளுஞ்சி இல்லை.

அறந்தாங்கியில் டீ குடித்தோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். அதற்கப்புறம் செம்மண் விட்டுவிடுகிறது. சாம்பல் நிறக் களிமண், வறண்ட கண்மாய், பனை, மறுபடி பனை. ஒரு வளைவில் காற்று திடீரென்று ஈரமாகி முகத்தில் ஒட்டியது. முருகேசன் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, "கருவாடு," என்றார். திருவரங்குளத்தில் இருந்து மணமேல்குடி அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாலரை மணிக்குச் சேர்ந்தோம். அங்கிருந்து தெற்கே இன்னும் கொஞ்ச தூரம். அந்த ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சூசை கேட்டுக்கொண்டார். எழுதினால் கணவாய் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துபோகுமாம். அதனால் எழுதவில்லை.

ஜெயராணி தெருமுனையிலேயே நின்றாள்.

"வாங்கண்ணே. தனலட்சுமியக் கூட்டியாரலையா?"

"மாடு கண்ணுக்குட்டி போட்டுருக்கும்மா. அவ நகர மாட்டா."

சூசை குனிந்து ஒரு பிடி தழையை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஒல்லியான ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் புருவம்கூட வெளுத்திருந்தது.

"பஞ்சு மாதிரி இருக்கே மச்சான். கணவாய் வந்து படுத்துத் தூங்கிரும்போல."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கட்டுவதை மணலில் உட்கார்ந்தே செய்தோம். நீங்கள் மனதில் பார்த்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன். சிமெண்டுச் சாக்கில் மணலை நிரப்பி வாயைத் தைத்தால் அது நங்கூரம். அதிலிருந்து ஒரு கயிறு மேலே வரும். ஒரு பாகம் உயரத்தில் கொளுஞ்சிக் கட்டைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான் பாகம். கடலில் ஆழத்தை அதில்தான் அளக்கிறார்கள். கட்டுக்கு மேலே கயிற்றின் நுனியில் ஒரு காலி எண்ணெய் கேன். அந்தக் கேன் தண்ணீருக்கு மேலே தெரியக் கூடாது, அரைப் பாகம் கீழேயே நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் போகிற படகின் மோட்டாரில் கயிறு சுற்றிக்கொள்ளும். "அதோட, எங்க போட்டுருக்கோம்னு நாலு பேருக்கு நாமளே போர்டு வச்ச மாதிரி ஆயிரும்," என்றார் சூசை.

இருபது கட்டு போட நினைத்தார். என் தழை பத்தொன்பதுக்குத்தான் வந்தது. வண்டியின் அடியில் ஒரு குவியல் மிச்சம் இருந்தது. அது வரப்போரம் போன வருடமே முளைத்து, பூத்து, காய்த்து, காய் வெடித்து, விறகாகிப்போன முற்றல் கொளுஞ்சி. மண்வெட்டிக்கு அசையாமல் வேரோடு பிடுங்க வேண்டியிருந்தது. வண்டியில் இடம் இருந்ததால் சும்மா அள்ளிப் போட்டிருந்தேன்.

"அது வேண்டாம் மாப்ள. அடுப்புக்கு வச்சுக்கங்க."

"கெடக்கட்டும் மச்சான். இருபதுன்னு ஒரு கணக்கு வரட்டும்." அதையும் ஒரு கட்டாகக் கட்டிவிட்டார்.

முருகேசன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். இரவுச் சாப்பாடு நண்டுக் குழம்பு. சாப்பிடும்போதுதான் எனக்கு நிலைமை முழுசாகத் தெரிந்தது. சூசையோடு படகில் வந்த கூட்டாளி, போன மாதம் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்கு வேலைக்குப் போய்விட்டார். விசைப்படகு என்பது கடலடியை வலையால் வாரி இழுக்கும் பெரிய படகு. வாரத்தில் மூன்று நாள் அவர்கள் கடலுக்குப் போவார்கள், மற்ற நாள் சின்னப் படகுகள். இது இந்தப் பக்கத்து ஏற்பாடு. ஆனாலும் அவர்களின் மூன்று நாளில் கொளுஞ்சிக் கட்டு வலையில் மாட்டிப் போய்விடும். சித்திரை தொடங்கி இரண்டு மாதம் அந்தப் படகுகளுக்கு அரசாங்கத் தடை. அந்த இரண்டு மாதம்தான் கொளுஞ்சி கடலில் நிம்மதியாக நிற்கும். தடை முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது.

"மோட்டாரு இருமுதுண்ணே," என்றாள் ஜெயராணி. "நண்டு வலையும் கந்தலாப் போச்சு. இந்த ரெண்டு மாசக் கணவாயிலதான் அத ரெண்டையும் சரி பண்ணணும். இல்லன்னா படக வித்துட்டு இவுகளும் வெசப்படகுக்குப் போறதாப் பேச்சு. என் தம்பி அங்கதான் படகுக்கு டிரைவரா இருக்கான். எடம் வச்சிருக்கேன், தடை முடிஞ்சதும் மாமாவ அனுப்புங்கிறான்."

"போனா என்ன, சம்பளம் வருமில்ல," என்றார் சூசை.

"சம்பளம் வரும். நீங்க வருவீகளா? மீனு இல்லன்னா எல்லையத் தாண்டுவாக. அங்கிட்டு இலங்கை நேவி புடிச்சா எத்தன மாசமோ. நான் கரையில நின்னு கடலப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

சூசை இன்னொரு அகப்பை குழம்பை என் தட்டில் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடலில் இறங்கினோம். இங்கே கடல் சட்டென்று ஆழமாவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. படகில் நான், சூசை, ஜெயராணி என்று மூன்று பேர். அந்தக் கரையில் பெண்கள் படகேறுவது வழக்கம் இல்லை. ஆள் கிடைக்காததால் ஜெயராணி மூன்று வாரமாக ஏறுகிறாள். மோட்டாரை அவள்தான் பிடித்தாள். எனக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டு, இரண்டு வாரையும் அவளே இழுத்துக் கட்டினாள்.

அரை மணி நேரத்தில், காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

"நம்ம ஊரு பேரக் கெடுக்காதீகண்ணே," என்றாள் ஜெயராணி. "தூரத்துல கரையப் பாருங்க. தண்ணியப் பாக்காதீக."

"மச்சான் கணவாய்க்கு எரை போடுறாரு. விடு," என்றார் சூசை.

நாலு பாகம் ஆழத்தில், கடல்புல் முடிந்து வெறும் மணல் தொடங்கும் ஓரமாகக் கட்டுகளை இறக்கினோம். புல்லுக்குள்ளே போட்டால் கணவாய்க்குக் கொளுஞ்சி தனியாகத் தெரியாது. மணலுக்குள் வெகுதூரம் தள்ளிப் போட்டால் அது புல்லை விட்டு அவ்வளவு தூரம் வராது. நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல இடைவெளி விட்டு, ஒவ்வொன்றின் இடத்தையும் சூசை ஜி.பி.எஸ். பெட்டியில் குறித்துக்கொண்டார். முற்றல் கட்டைக் கடைசியாக, வரிசையின் தென்கோடியில் இறக்கினார். கேன் மெல்ல மெல்ல மங்கிப் பச்சைத் தண்ணீருக்குள் மறைந்தது. நான் அன்றே ஊர் திரும்பினேன்.

எட்டு நாள் கழித்து சூசை கூப்பிட்டார். "வாங்க மச்சான், பாத்துருவோம். ஒங்க தழையில மொதக் கணவாய நீங்கதான் தூக்கணும்."

இந்த முறை பேருந்து. ஆலங்குடியில் ஒன்று, அறந்தாங்கியில் ஒன்று, அப்புறம் ஷேர் ஆட்டோ. ஞாயிறு பூசைக்குப் போவதால் அவர்கள் கடலுக்குப் போவதில்லை. திங்கள் காலை கிளம்பினோம். கச்சான் என்று அவர்கள் சொல்லும் மேற்குக் காற்று இன்னும் எழவில்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. என் வயிறும் அன்றைக்கு ஒழுங்காக இருந்தது.

போகும் வழியில் சூசை தூண்டிலைக் காட்டினார். கணவாய்த் தூண்டிலில் இரை கிடையாது. விரல் நீளத்தில் இறால் மாதிரி ஒரு பொம்மை, வயிற்றில் ஈயம், வாலில் பூ விரிந்த மாதிரி ஊசி வட்டம். அந்த ஊசிகளில் மீன் தூண்டில் போல எதிர்முள் இல்லை. தங்கூசி என்கிற நைலான் நரம்பில் கட்டி, கோல் இல்லாமல் கையாலேயே விடுகிறார்கள்.

"முள்ளு இல்லாததால ஒரே ஒரு விசயம்தான் மச்சான். தூக்க ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. நரம்பு தொய்ஞ்சுச்சுன்னா கழண்டுக்கிட்டுப் போயிரும்."

முதல் கட்டின் இடத்துக்கு வந்தோம். சூசை நீண்ட கொக்கிக் கம்பால் துழாவிக் கேன் கயிற்றைப் பிடித்து, மெதுவாக இழுத்தார். கட்டு மேலே வந்தது. கட்டு என்று அதைச் சொல்ல முடியாது. கயிற்றைச் சுற்றிக் கறுப்பாக, வழவழப்பாக, தேய்ந்த விளக்குமாற்றின் அடிக்கட்டை மாதிரி கொஞ்சம் குச்சிகள். இலை ஒன்றுகூட இல்லை. அழுகல் வாடை வந்தது.

இரண்டாவது கட்டுக்குப் போனோம். அதுவும் அப்படியே. மூன்றாவதில் குச்சிகூட இல்லாமல் வெறும் கயிறு வந்தது.

சூசை புரியாமல் கயிற்றையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாடை எனக்குப் பழக்கமான வாடை. கொளுஞ்சியை மடக்கி உழுது தண்ணீர் நிறுத்திய வயலில் ஒரு வாரம் கழித்துக் கால் வைத்தால் அதே வாடைதான் வரும். சீக்கிரம் மக்க வேண்டும் என்பதற்காகத்தானே பூக்கும் முன் அறுக்கிறோம். உரத்துக்கு எது நல்ல தழையோ அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு நாள் முதுகொடிய அறுத்து, கடலில் உரமாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். முருகேசன் வேடிக்கையாகக் கேட்டதை நான் உண்மையாகவே செய்திருந்தேன்.

"மாப்ள, தப்பு எம்மேலதான்," என்று விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல தழையா வேணும்னு கேட்டது நாந்தானே," என்றார் சூசை. "எங்க மணல்ல மொளைக்கிறது மொளைக்கிறப்பவே வெறகு மாதிரிதான் மச்சான் இருக்கும். கொளுஞ்சியில எளசுன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு எங்க தெரியும்?"

ஜெயராணி மோட்டாரை நிறுத்தினாள். "நான் வயக்காட்டுல பொறந்தவ. கொளுஞ்சி மிதிச்சு வளந்தவ. எனக்கே தோணலையே."

தடைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் போயிருந்தது. ஜெயராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாகவும் இருக்கலாம்.

பிறகு அவள்தான் கேட்டாள். "அந்த வெறகுக் கட்டு எங்க போட்டீக?"

சூசை ஜி.பி.எஸ். பெட்டியைப் பார்த்தார். தென்கோடிக்குப் போனோம்.

அங்கே போனதும் சூசையின் நடவடிக்கை மாறியது. கட்டை இழுத்துப் பார்க்கவில்லை. தூரத்திலேயே மோட்டாரை நிறுத்தச் சொல்லி, நீரோட்டம் வரும் பக்கமாக நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்கி, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் படகைப் பின்னால் நகர்த்தினார். படகு கட்டுக்கு நேர்மேலே நிற்கக் கூடாது. படகின் நிழல் விழுந்தால் கணவாய் ஒதுங்கிவிடும். கட்டு கைக்கு எட்டாத தூரத்தில் படகுக்குப் பின்னால் இருக்க, தூண்டில் மட்டும் நீரோட்டத்தில் தானாக அங்கே போய்ச் சேர வேண்டும்.

என் கையில் ஒரு நரம்பைக் கொடுத்தார். "தரையத் தொட்டதும் ஒரு பாகம் தூக்குங்க. சுண்டுங்க. நிறுத்துங்க. மறுபடி சுண்டுங்க. இறால் துள்ளுற மாதிரி."

சுண்டினேன். நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. நாலாவது தடவை நரம்பு கனத்தது. மீன் மாதிரி வெட்டி இழுக்கவில்லை. ஈரச் சேலையைக் கிணற்றுக்குள் இருந்து தூக்குவது போல ஒரு கனம்.

"நிறுத்தாதீக," என்றாள் ஜெயராணி. "நிறுத்தாம, நிறுத்தாம."

பச்சைத் தண்ணீருக்குள் பழுப்பாக ஒரு விளக்கு எரிந்து அணைகிற மாதிரி தெரிந்தது. நிறம் மாறிக்கொண்டே வந்தது. என் முழங்கை நீளம். அது தண்ணீரை விட்டு வரும்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துத் திருப்ப வேண்டுமாம். அதை அவர் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். என் சட்டை, முகம், வாய் எல்லாம் மை. உப்பும் கசப்பும் கலந்த ருசி. ஜெயராணி சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

அடுத்தது சூசையின் தூண்டிலில் வந்தது. அதை அவர் உடனே ஏற்றவில்லை. படகோரத்துக்குக் கொண்டுவந்து தண்ணீரிலேயே நிறுத்தினார். "இது பெட்ட. கொஞ்சம் இருங்க." சற்று நேரத்தில் அதைவிடப் பெரிதாக ஓர் ஆண் கணவாய், அதன் பின்னாலேயே வந்து படகோரம் நின்றது. ஜெயராணி கைவலையை அடியில் கொடுத்து அதை அள்ளினாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. வெயில் ஏறும் வரை அந்த ஒரே கட்டில் இருந்து பிடித்தோம். கூடையில் பாதிக்கு மேல் வந்தது.

கிளம்பும் முன் சூசை அந்தக் கட்டைத் தண்ணீர் மட்டம் வரை மட்டும் தூக்கிக் காட்டினார். பிள்ளைகளே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இலை உதிர்ந்திருந்தது, ஆனால் கிளையும் வேரும் அப்படியே முறுக்காக நின்றன. கிளையிலும் வேரிலும் வெள்ளை வெளேர் என்று விரல் நீள முட்டைப் பைகள், கொத்துக் கொத்தாக. விதை உதிர்த்துவிட்டு வரப்பில் காய்ந்து நின்ற செடி, கடலுக்குள் போய் இரண்டாம் முறை காய்த்தது மாதிரி. ஒரு பைக்குள் நாலைந்து மணிகள் வெயிலில் மின்னின.

"வெளிய தூக்கக் கூடாது, காத்துப் பட்டா காஞ்சுரும்," என்று பத்திரமாக மறுபடி இறக்கினார். "இது பொரியிற வரைக்கும் இந்தக் கட்டுல இனித் தூண்டில் போட மாட்டேன். அதுக வந்த வேலைய முடிச்சிட்டுப் போகட்டும்."

கரைக்கு வந்ததும் ஜெயராணியின் போன் அடித்தது. அவள் தம்பி. படகு முதலாளி ஆள் முடிவு செய்கிறாராம், மாமா வருகிறாரா இல்லையா என்று கேட்டான். அவள் சூசையைப் பார்த்தாள்.

"ஒரு கட்டுல கெடைக்கிறதுல குடும்பம் நடக்காது," என்றார் சூசை மெதுவாக. "இருபதும் நின்னாத்தான் ஆகும்."

நான் குறுக்கே பேசினேன். "அஞ்சு நாள் குடுங்க மாப்ள."

ஜெயராணி போனில், "கொஞ்சம் பொறு தம்பி. வைகாசி பொறக்கட்டும், சொல்றேன்," என்றாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் என் வாக்கின் பாரம் தெரிந்தது. முற்றல் கொளுஞ்சிக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்தில் எல்லோரும் இளசிலேயே உழுகிறவர்கள். முற்றியது நிற்பது வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும்தான். நானும் தனலட்சுமியும் கடப்பாரையும் சாக்குமாக ஒவ்வொரு வயலாகப் போய்க் கேட்டோம். பக்கத்து வயல்காரர் சின்னையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எம் வரப்ப நீ வந்து சுத்தம் பண்ணித் தாரே. கூலியும் வேண்டாங்கிறே. ஒடம்பு நல்லாத்தானப்பா இருக்கு?"

"நல்லா இருக்கேன் சித்தப்பா. செடி மட்டும் எனக்கு."

"அந்த முத்தலா? எடுத்துக்க, எடுத்துக்க. எம் மச்சினன் வயலு இங்கிட்டு ஒட்டித்தான் இருக்கு. அவன்ட்டயும் சொல்றேன்."

மண் காய்ந்து கிடந்ததால் ஒவ்வொரு செடியும் வேரோடு வர மல்லுக்கு நின்றது. உள்ளங்கை கொப்பளித்தது. நாலாம் நாள் மாலையில் முருகேசன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவ கீரை, இந்தத் தடவ வெறகு. கடலுக்குச் சமையலு பலமாத்தான் நடக்குது," என்றார். அன்றைய வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, திரும்பி வரும்போது கணவாய் கொடுப்பார்கள் அல்லவா என்றார்.

அடுத்த நாள் காலையில் பத்தொன்பது கட்டும் கடலுக்குள் இறங்கின. இந்த முறை வேரை மேல்பக்கமாக வைத்துத் தலைகீழாகக் கட்டினோம். அது ஜெயராணியின் யோசனை. முட்டை அதிகம் ஒட்டியிருந்தது வேரில்தான் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். சூசை முதலில் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், பிறகு பாதிக் கட்டுகளை அவள் சொன்னபடியும் பாதியைப் பழைய மாதிரியும் கட்டினார். எது நன்றாக வருகிறது என்று பார்த்துக்கொள்வோம் என்றார்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள் நானும் தனலட்சுமியும் பேருந்தில் போனோம். மாட்டை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் படகேறவில்லை, ஜெயராணியின் வீட்டுக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு கரையில் இருந்துகொண்டாள். நாங்கள் மூன்று பேர் கடலுக்குப் போனோம். இரண்டு கட்டு மட்டும் அறுந்து காணாமல் போயிருந்தன. மற்றவை நின்றன. பக்கம் பக்கமாக நங்கூரம் போட்டு, ஒரு கட்டில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று பிடித்தோம். தலைகீழாகக் கட்டியதில்தான் கூடுதலாக வந்தது. அதை ஜெயராணி ஒவ்வொரு கட்டிலும் ஞாபகப்படுத்தினாள்.

"சரி ஆத்தா, தெரியாமக் கட்டிட்டேன். அடுத்த தடவ எல்லாத்தையும் நீயே கட்டு," என்றார் சூசை.

இரண்டு கூடை நிறைந்து, மூன்றாவதில் கையை வைக்கும்போது வெயில் ஏறிவிட்டது. திரும்பும்போது மோட்டார் இரண்டு முறை இருமி நின்றது. இரண்டு முறையும் சூசை அதன் தலையில் தட்டி, "இந்த மாசம் மட்டும் ஓடிரு, ஒனக்கு வைத்தியம் பாக்குறேன்," என்று பேசினார்.

கரையில் வியாபாரி எடை போட்டுக்கொண்டிருந்தபோது தம்பியின் போன் வந்தது. ஜெயராணியின் கை முழுக்க மை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேட்டாள், பிறகு சூசையிடம் நீட்டினாள். நான் தராசைப் பார்ப்பது போல் நின்றேன். தனலட்சுமி கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"சொல்லு மாப்ள," என்றார் சூசை. கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லப்பா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. கோவிச்சுக்காத. இந்த வருசம் நான் இங்கிட்டேதான்." மறுபடி கேட்டார். "அடுத்த வருசம் என்னன்னு அடுத்த வருசம் பாப்போம். ஒங்க அக்கா வேற எனக்கு முதலாளியா வந்துட்டா, அவள விட்டுட்டு எங்க வாரது?"

ஜெயராணி திரும்பி நின்றுகொண்டு கணவாய் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

மாலை நாலு மணிக்கு மணமேல்குடியில் பேருந்து ஏறினோம். தனலட்சுமியின் மடியில் ஐஸ் போட்ட டப்பாவில் கணவாய். அதில் ஒரு பங்கு முருகேசனுக்கு. ஜன்னல் வழியே பனைகள் போயின, சாம்பல் மண் போனது, செம்மண் வந்தது. எங்கள் ஊரில் ஒரு செடி மக்கினால்தான் அடுத்தது முளைக்கும். அங்கே மக்காமல் நின்றால்தான் ஒன்று வந்து முட்டையிடும். இரண்டும் ஒரே மாவட்டத்துக்குள், ஒரு மதியத்தில் போய்ச் சேரும் தூரத்தில். இத்தனை வருடம் அந்தக் கடலை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. பிள்ளைகளே, வீட்டில் சொல்லி நீங்களும் கட்டாயம் போய்ப் பாருங்கள், மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

ஆனி மாதம் மழை விழுந்ததும் உழவுக்கு டிராக்டர் சொல்லியிருந்தேன். புதிதாக வளர்ந்த கொளுஞ்சி முழங்கால் வரை நின்றது. ஓட்டுநர் இரண்டு சால் போட்டுவிட்டு, தென்கிழக்கு மூலைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார். அங்கே பத்து செண்டுக்கு நான் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தேன். அதற்குள் இருந்த கொளுஞ்சி அப்போதுதான் ஊதாவாகப் பூக்கத் தொடங்கியிருந்தது.

"ஏன்ணே, இத உழுக வேண்டாமா? பூத்துருச்சு, முத்திப்போகுமே."

"முத்தட்டும்ப்பா. அது சூசையோடது. கடல்ல இருக்காக."

அவர் மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருக்கையில் இருந்து பாதி எழுந்து பின்சக்கரத்தைப் பார்த்தபடி, ஒரு செடிகூடச் சாயாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.